வகுப்பறை கைப்பேசிக்குள் வந்தால்: கடலோர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அப்பா விசைப்படகில் போகிறவர். மூத்த பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, தம்பி பள்ளிக்கூடம். காலை பத்து மணிக்கு வகுப்பு தொடங்கும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. அம்மா சொல்கிறார்: “ஏத்தா, இன்னிக்கு டோக்கன் போட்டாச்சு. போனை அப்பா கொண்டுட்டுப் போகட்டும், நாளைக்குப் படிச்சுக்கோ.” ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் போனால் மறுநாள் காலைதான் கரைக்குத் திரும்பும். அப்படியானால் அந்த மூன்று நாள் வகுப்பு என்ன ஆகும்?

2020, 2021-ஆம் ஆண்டுகளில் பாம்பன் முதல் தொண்டி வரை பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்தது. கொரோனா போய்விட்டது, ஆன்லைன் வகுப்பு போகவில்லை. மழைக்கால விடுமுறை நாட்களிலும், ஸ்வயம் பாடங்களிலும், நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளிலும், முழு ஆன்லைன் பட்டப்படிப்புகளிலும் அது தொடர்கிறது. எனவே, நேரடியாக நடக்கும் ஒரு கல்லூரிப் பாடம் கைப்பேசிக்கு மாறும்போது என்னென்ன மாறுகிறது, நாம் எதைக் கேட்கலாம், எதில் ஏமாறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2020-ல் நடந்தது என்ன?

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் பாடங்கள் கூகுள் மீட், ஜூம், வாட்ஸ்அப் என்று எது கைக்குக் கிடைத்ததோ அதில் நடந்தன. இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7-ல் கல்லூரி திறந்தது. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ச் மாதமே மறுபடி ஆன்லைன் வகுப்பு. 2021 செப்டம்பர் 1-ல்தான் கல்லூரிகள் மீண்டும் திறந்தன.

நடுவில், 2021 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் உள்ளிட்ட அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவர்களுமாக 9,69,047 பேருக்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் விலையில்லா டேட்டா கார்டு எல்காட் நிறுவனம் மூலம் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. டேட்டா இல்லாமல் படிப்பு இல்லை என்ற நிலையை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

நானும் அப்போது இதழியல் மாணவிதான். எங்கள் வகுப்பில் நடந்தது இதுதான்: ஒன்பதரை முதல் இரண்டரை வரை இருந்த அதே கால அட்டவணையை அப்படியே தூக்கி ஜூமில் வைத்தார்கள். ஐந்து மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் வருகைப் பதிவு முடிந்ததும் காணாமல் போனார்கள். ஆசிரியர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் ஒரு வார அவகாசம்கூட இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு விஷயம் புரிந்தது. வகுப்பறையை அப்படியே கேமரா முன்னால் வைப்பது வேறு, பாடத்தை ஆன்லைனுக்கு மாற்றுவது வேறு.

முதல் பாடம்: டேட்டா கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் ஒரு நேரலை வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி எடுக்கும். ஐந்து மணி நேரம் என்றால் 2,250 எம்பி. அதாவது நாளொன்றுக்கு 2 ஜிபி கையில் இருந்தாலும் கடைசி வகுப்பின் பாதியிலேயே டேட்டா தீர்ந்துவிடும். வீட்டில் தம்பிக்கும் அதே டேட்டாவில் வகுப்பு இருந்தால் அது இன்னும் போதாது.

அதே பாடத்தை ஒலியாக மட்டும் அனுப்பினால்? நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட 29 எம்பிதான். வீடியோவில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. குரல் மட்டும் இருந்தால் பாடம் புரியுமா என்று கேட்கலாம். பாம்பனில் மீனவர்களுக்காகவே 90.4 அலைவரிசையில் இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலியை நினைத்துப் பாருங்கள். வானிலை, கடல் பாதுகாப்பு, மீன்வளம் எல்லாம் குரலிலேயே போய்ச் சேருகின்றன. விளக்கம் சொல்வதற்குப் பல நேரம் முகம் தேவையில்லை, தெளிவான குரலும் நல்ல உதாரணமும் போதும்.

இரண்டாம் பாடம்: ஒரு மணி நேரத்தைப் பிரிப்பது

நேரடி வகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. ஆசிரியர் விளக்குகிறார். நாம் புத்தகம் பார்க்கிறோம். சந்தேகம் கேட்கிறோம். கடைசியில் நமக்குப் புரிந்ததா என்று அவர் கேள்வி கேட்டுப் பார்க்கிறார். எல்லாரும் ஒரே அறையில் இருப்பதால் இவை தனித்தனி வேலைகள் என்றே தெரிவதில்லை. ஆன்லைனுக்கு மாற்றும்போது இவற்றைப் பிரித்தாக வேண்டும்.

2017 ஜூலையில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இப்படித்தான் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளன: காணொலி விளக்கம், படிப்பதற்கான பாடக்குறிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு. தமிழில் இந்த முயற்சி இன்னும் பழையது. உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் இணையம் வழியே தமிழ் படிக்க, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். வகுப்பறையிலிருந்து அவசரமாக மாற்றப்பட்ட பாடங்கள் அல்ல அவை, தொடக்கத்திலிருந்தே திரைக்காக எழுதப்பட்டவை.

நம் ஊர் உதாரணம் ஒன்று. விலங்கியல் வகுப்பில் ‘கடல்புல்லும் கடற்பசுவும்’ என்று ஒரு மணி நேரப் பாடம். நம் பக்கத்தில் ஆவுளியா என்று சொல்கிறோமே, அதே கடற்பசுதான். இந்தப் பாடத்தை இப்படிப் பிரிக்கலாம்:

* 10 நிமிடம்: ஆசிரியரின் குரல் பதிவு. கடற்பசு எதைத் தின்கிறது, கடல்புல் எங்கே வளர்கிறது என்ற விளக்கம். சுமார் 5 எம்பி.
* 10 நிமிடம்: இரண்டு பக்கப் பிடிஎஃப் குறிப்பும் ஆறு படங்களும். சுமார் 2 எம்பி.
* 20 நிமிடம்: நோட்டில் எழுதும் பயிற்சி. “கடல்புல் அழிந்தால் நம் கரையில் யாருடைய வருமானம் குறையும்? ஏன்?” இதற்கு டேட்டா தேவையில்லை.
* 20 நிமிடம்: நேரலைச் சந்திப்பு. விளக்கம் கிடையாது, சந்தேகம் மட்டும். வீடியோவுடன் 150 எம்பி, ஒலி மட்டும் என்றால் சுமார் 10 எம்பி.

மொத்தம் அதே ஒரு மணி நேரம். டேட்டா 450-லிருந்து சுமார் 157 எம்பியாகக் குறைகிறது. ஒலி மட்டும் என்றால் 17 எம்பி. அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. இந்த நான்கில் குறிப்பிட்ட நேரத்துக்குக் கட்டுப்பட்டது கடைசி 20 நிமிடம் மட்டுமே. மற்றதை இரவு எட்டு மணிக்கும் படிக்கலாம், விடியற்காலையிலும் படிக்கலாம்.

இப்போது தங்கச்சிமடம் வீட்டுக்குத் திரும்புவோம். அப்பா திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறார் என்றால், செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் போன் வீட்டுக்கு வந்துவிடும். வெள்ளி முழுக்க வீட்டிலேயே இருக்கும். நேரலைச் சந்திப்பைச் செவ்வாய், வியாழன் மதியமும் வெள்ளியும் வைத்தால் அந்தப் பெண் ஒரு சந்திப்பையும் தவறவிட மாட்டாள். இதற்குப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. கால அட்டவணை போடுகிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “உங்க வீட்டுல போன் யார்கிட்ட, எப்போ இருக்கும்?”

மூன்றாம் பாடம்: எதை மாற்ற முடியாது?

எல்லாவற்றையும் ஆன்லைனில் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நுண்ணோக்கியைச் சரிசெய்து பார்ப்பது, வேதியியல் கூடத்தில் சொட்டுச் சொட்டாக அமிலம் சேர்த்து நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவது, மின்சுற்று இணைப்பது இவையெல்லாம் கை பழக வேண்டிய வேலைகள். காணொலி பார்த்தால் முறை தெரியும், கைப்பழக்கம் வராது. எனவே செய்முறை உள்ள பாடம் ஆன்லைனுக்கு மாறினால், “ஆய்வக வகுப்பு பிறகு எப்போது, எத்தனை நாள் சேர்த்து நடக்கும்?” என்று கல்லூரியில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சில செய்முறைகளுக்கு நம் கரையே ஆய்வகம். அலை ஒதுக்கும் பொருட்களைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைப்பது நல்ல களப்பயிற்சி. ஒரே ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. படம் எடுங்கள், கையில் எடுக்காதீர்கள். “ப்ராஜெக்டுக்குத்தான் எடுத்தேன்” என்று சொன்னாலும் சட்டத்தில் தப்ப முடியாது.

நான்காம் பாடம்: மாணவர் செய்ய வேண்டியவை

1. வைஃபை கிடைக்கும் இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். கல்லூரி நூலகமோ தெரிந்தவர் வீடோ போதும். மழைக்காலத்தில் கரண்டும் டவரும் ஒன்றாகப் போகும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து நின்றது நினைவிருக்கும். இறக்கி வைத்த பாடம்தான் அந்த நாட்களில் கை கொடுக்கும்.

2. வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள். கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதும். சந்திப்பில் உங்கள் கேமராவை அணைத்து வைத்தால் டேட்டா மிச்சம். கேமரா கட்டாயம் என்றால் காரணத்தை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. கேட்டதைக் கையால் எழுதுங்கள். ஆன்லைனில் படிக்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும். பாடத்தை மூடிவிட்டு ஐந்து வரி சொந்தமாக எழுத வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

4. வாரத்துக்கு ஒரு சந்தேகமாவது கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உங்கள் முகக்குழப்பம் ஆசிரியருக்குத் தெரியாது. எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

5. அசைன்மென்ட் அனுப்பினால் ஆதாரம் வையுங்கள். நான் படித்த காலத்தில் அனுப்பிய ஒரு அசைன்மென்ட் வரவேயில்லை என்றார்கள். தேதி, நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் இன்டர்னல் மார்க் தப்பியது. அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவேன்.

6. தேர்வுக்கு ஒத்திகை பாருங்கள். 2020 செப்டம்பரில் பல பல்கலைக்கழகங்களின் இறுதிப் பருவத் தேர்வை மாணவர்கள் வீட்டிலிருந்தே ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். எழுதுவதைவிட அனுப்புவதில்தான் பலருக்கும் பதற்றம். பத்துப் பக்கத்தைப் படம் எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்க உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் பாடம்: பெற்றோருக்கு

ஆன்லைன் படிப்பில் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது, அதனால் சும்மா இருக்கிறது என்று தோன்றும். “வீட்டுலதான இருக்க, போய் தண்ணி புடிச்சுட்டு வா” என்று முதலில் எழுப்பப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான். நேரலைச் சந்திப்பு நடக்கும் அந்த 20 நிமிடத்துக்காவது அவளைக் கூப்பிடாமல் இருந்தால் பெரிய உதவி.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வருமானம் நிற்கும் அதே நாட்களில்தான் பருவத் தேர்வும் அடுத்த ஆண்டு கட்டணமும் வருகின்றன. ரீசார்ஜ் தீரும் தேதி இந்தக் காலத்தில் விழுகிறதா என்று மார்ச் மாதமே பார்த்து வையுங்கள். முடியாத நிலை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிடும் மாணவர்தான் பிறகு இடைநிற்றல் கணக்கில் சேருகிறார்.

ஆறாம் பாடம்: முழு ஆன்லைன் பட்டத்துக்கு மாறலாமா?

“கல்லூரிக்குப் போகவே வேண்டாம், வீட்டிலிருந்தே டிகிரி” என்று விளம்பரம் பார்க்கிறோம். கரஸ்ல படிப்பது நமக்குப் புதிதல்ல. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமே நீண்ட காலமாகத் தொலைநிலைக் கல்வி வழங்குகிறது. யுஜிசி அங்கீகரித்த ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யுஜிசியே தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் பணம் கட்டும் முன் ஐந்து விஷயம் பாருங்கள்:

* பல்கலைக்கழகமும், நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும், அந்த ஆண்டுக்கான யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.
* பி.இ., மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர், பிசியோதெரபி, சட்டம் போன்ற படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த அனுமதி இல்லை. உளவியல், நுண்ணுயிரியல் போன்ற சில படிப்புகளும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து நிறுத்தப்பட்டுள்ளன. யாராவது ‘ஆன்லைன் நர்சிங் டிகிரி’ என்றால் ஒதுங்கிவிடுங்கள்.
* 2024 முதல், சேரும் மாணவர் தன் பெயரில் ‘டெப் ஐடி’ எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுங்கள். ஓடிபியை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள்.
* கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
* புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவரா? தொலைநிலை, அஞ்சல்வழிப் படிப்புகளுக்கு இந்த உதவி கிடையாது. மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. நேரடிக் கல்லூரியை விட்டு மாறும் முன், கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் அலுவலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கல்லூரியை விடாமலேயே ஆன்லைனில் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்வயம் பாடங்களில் பதிவு செய்து படிப்பது இலவசம். 2021-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறையின்படி, ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் முடித்து கிரெடிட்டாகப் பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்பதுதான் விதி, தானாகக் கிடைத்துவிடாது. எனவே பதிவு செய்யும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கான தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஆன்லைன் பாடம் என்றாலும் தேர்வுக்குப் பயணம் இருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக

ஆன்லைன் வகுப்பு நேரடி வகுப்பைவிட மட்டமானதும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. ஆசிரியர் அதைத் திட்டமிட்டுப் பிரித்துக் கொடுத்தால், கடலுக்குப் போகும் வீட்டுப் பெண்ணுக்கும் பாசி எடுக்கப் போகும் அம்மாவின் மகனுக்கும் அது உதவும். அப்படியே தூக்கி வைத்தால், போனும் டேட்டாவும் உள்ளவருக்கு மட்டும்தான் கல்லூரி.

உங்கள் கல்லூரியில் அடுத்த முறை “நாளை முதல் ஆன்லைன்” என்று செய்தி வந்தால், வகுப்புப் பிரதிநிதி மூலம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நேரலை எத்தனை நிமிடம், எந்த நேரம்? தவறவிட்டவருக்குப் பதிவு கிடைக்குமா? செய்முறை வகுப்பு எப்போது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பதில் இல்லையென்றால் முதல்வரிடம் மனுவாகக் கொடுங்கள். அரசுக் கல்லூரி என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரித் துறை உதவி மைய எண்ணிலும் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள்.